ஈர்ப்பு விசை எங்காவது விலக்குமா?

வான்நோக்கி:
மின்னூட்டத்தில் நேர், எதிர் என இரு வகை இருப்பதால் ஈர்த்தலும் விலக்கலும் நிகழ்கின்றன. நிறை மட்டும் ஏன் ஒரே வகையோடு நின்றுவிட்டது? எதிர்ப்பொருள் (எதிரான மின்னூட்டம் கொண்ட எதிர்த்துகள்களால் ஆன பொருள்) மேல்நோக்கி 'விழும்' என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். விலக்கும் ஈர்ப்புக்கு இயற்பியலில் இடமுண்டா?

பாதரசம்:
எதிர்ப்பொருளை முதலில் ஒதுக்கிவிடலாம். ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் ஆல்ஃபா குழுவினர் எதிர் ஹைட்ரஜன் அணுக்களைச் செங்குத்தான காந்தப் பொறியில் அடைத்து, இரு முனைகளிலும் புலத்தை மெல்லத் தளர்த்தியபோது, ஏறத்தாழ 80 விழுக்காடு கீழ் முனை வழியாகவே வெளியேறின. 2023 செப்டம்பரில் வெளியான அம்முடிவின்படி, அவற்றின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.75 மடங்கு. பிழை வரம்பு அகலமானது என்பதால் 1 என்ற மதிப்பும் அதற்குள் அடங்குகிறது. மேல்நோக்கிய வீழ்ச்சி அடங்கவில்லை.

எதிர்க்குறி நிறை என்பது வேறு கதை. அப்படியொரு கல் இருந்தால் அதன்மீது புவி செலுத்தும் விசை மேல்நோக்கி இருக்கும். ஆனால் அதன் நிலைமமும் (முடுக்கத்தை எதிர்க்கும் பண்பு) எதிர்க்குறி உடையதாகையால், விசைக்கு எதிர்த்திசையில் முடுக்கம் பெற்று அதுவும் கீழேதான் விழும்! 1957-இல் இயற்பியலாளர் ஹெர்மன் பாண்டி இதை ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலுக்குள் வைத்து ஆராய்ந்தார். சம அளவுள்ள நேர் நிறையும் எதிர் நிறையும் அருகருகே நின்றால், முன்னது விலகி ஓட, பின்னது துரத்திச் செல்ல, வெளிவிசை ஏதுமின்றி இரண்டும் வேகம் கூடிக்கொண்டே போகும். மொத்த உந்தமும் ஆற்றலும் சுழியாகவே இருப்பதால் கணக்கில் பிழையில்லை. ஆயினும் அத்தகைய பொருளை இதுவரை எவரும் கண்டதில்லை.

செம்பருதி:
பாதரசம் சொன்னவற்றோடு நிறுத்தினால் விடை 'இல்லை' என்றாகிவிடும், அது சரியன்று. நியூட்டனிடம் ஈர்ப்பின் மூலம் நிறை மட்டுமே. ஐன்ஸ்டீனிடம் அழுத்தமும் ஈர்ப்பை உண்டாக்குகிறது: ஆற்றல் அடர்த்தியோடு அழுத்தத்தின் மும்மடங்கைக் கூட்ட வேண்டும். வெற்றிடத்தின் ஆற்றலுக்கு அழுத்தம், அடர்த்திக்குச் சமமான எதிர்க்குறி அளவு என்பதால், 1-இலிருந்து 3 போக −2 எஞ்சுகிறது. நிறை எதிர்க்குறி ஆகாமலேயே ஈர்ப்பு விலக்கமாகிறது. 1917-இல் ஐன்ஸ்டீன் அண்டத்தை அசையாமல் நிறுத்தத் தம் சமன்பாடுகளில் சேர்த்த அண்டவியல் மாறிலி என்ற உறுப்பின் வேலையும் இதுவே. தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்த இரு குழுக்கள், இத்தகைய விலக்கம் இருந்தால் எதிர்பார்க்கக்கூடியபடியே, அண்டத்தின் விரிவு வேகமெடுப்பதை 1998-இல் கண்டறிந்தன. அதற்காகவே 2011-இன் நோபல் பரிசு.

வான்நோக்கி:
நன்றி. ஆனால் எதிர்க்குறி அழுத்தம் என்றால் உள்ளிழுக்கும் விசை அல்லவா? அது எப்படி வெளியே தள்ளும்?

செம்பருதி:
எல்லாரும் இடறும் இடம் இது. அழுத்தம் தள்ளுவதோ இழுப்பதோ இரு இடங்களுக்கு இடையே வேறுபாடு இருந்தால்தான். எங்கும் சீராக இருக்கையில் அந்த இயந்திர விளைவு எதுவுமில்லை. அழுத்தத்தின் ஈர்ப்பு விளைவு மட்டுமே மிஞ்சும், அது விலக்கம். புவியின் தொலைவில் சூரியனின் ஈர்ப்போடு ஒப்பிட்டால் இதன் அளவு ஏறத்தாழ 10²² பங்கில் ஒன்று; ஆகவே இதைக் கொண்டு எதையும் மிதக்கவிட முடியாது.