[தீர்ந்தது] உபுண்டு 24.04: தமிழ்99-ல் புள்ளி தானாக விழவில்லை, கூடவே லிபரே ஆபிஸ் எழுத்துருச் சிக்கல்

தட்டுத்தடுமாறி:
வணக்கம். விண்டோஸை விட்டு உபுண்டு 24.04-க்கு வந்திருக்கிறேன். க்னோம் டெஸ்க்டாப், வேலண்ட் அமர்வு (திரையைக் கையாள எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த முறை), லேப்டாப்பில் சாதாரண ஆங்கில விசைப்பலகை. தமிழ்99 தட்டச்சு முறை மட்டும்தான் கைக்குப் பழக்கம்.

செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்ஸஸ் போய் "டமில்நெட் 99" என்று இருந்ததைச் சேர்த்தேன். தமிழ் வருகிறது. ஆனால் "அம்மா"வுக்கு ம-வை இரண்டு தடவை தட்டினால் முதல் ம-வில் புள்ளி விழவில்லை. "இந்த", "பங்கு", "என்ற" எல்லாமே இதே கதி. ஒவ்வொரு புள்ளியையும் நானே தட்டி வைக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸில் இது தானாக நடக்கும்.

இன்னொன்று: லிபரே ஆபிஸ் ரைட்டரில் பத்தி பாணிக்குள் போய் எழுத்துருவை நோட்டோ செரிஃப் தமிழ், அளவு 14 என்று வைத்தேன். ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் அசையவே இல்லை. இரண்டுக்கும் ஒரே காரணமா, வேறு வேறா?

பென்குவின்குட்டி:
வேறு வேறு. லிபரே ஆபிஸை யாராவது சொல்வார்கள், நான் முதலாவதைப் பார்க்கிறேன்.

நீங்கள் சேர்த்தது எக்ஸ்கேபி தளவமைப்பு, அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற வெறும் அட்டவணை. அதில் ஒரு விசை தட்டினால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். முன்னால் என்ன தட்டினீர்கள் என்பது அதற்கு ஞாபகம் இருக்காது. தமிழ்99-ன் உயிரே அந்த ஞாபகத்தில்தான் இருக்கிறது: ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதுக்குப் புள்ளி, ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஜோடி சேர்ந்தாலும் முதலாவதுக்குப் புள்ளி, மெய்க்குப் பின்னால் உயிர் வந்தால் உயிர்க்குறி, தனியாக வந்தால் உயிரெழுத்து. இதற்கு ஓர் உள்ளீட்டு இயந்திரம் வேண்டும். லினக்ஸில் அது எம்17என், க்னோமில் ஐபஸ் என்ற உள்ளீட்டுச் சேவை வழியாக ஓடும்.

டெர்மினலைத் திறந்து சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போட்டு ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவுங்கள் (ஆங்கிலச் சிற்றெழுத்து, நடுவில் ஒரு சிறுகோடு). ஆப் சென்டரில் தேடாதீர்கள், இந்த மாதிரிப் பொதிகள் அங்கே கண்ணில் படாது. பிறகு லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு "பட்டியலில் வரவில்லையே" என்று கேட்பவர்கள்தான் அதிகம். இன்புட் சோர்ஸஸில் தமிழுக்குக் கீழே, அடைப்புக்குள் எம்17என் என்று போட்டு தமிழ்99 ஒன்று இருக்கும். அதைச் சேர்த்துவிட்டு பழையதை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் சூப்பர்-ஸ்பேஸ் தட்டும்போது எது எதுவென்று குழப்பும்.

மறுதொடக்கம்:
விண்டோஸில் உள்ளே வந்த நாள் முதல் வேலை செய்யும் விஷயத்துக்கு இங்கே பொதி நிறுவி, லாக் அவுட் செய்து, பட்டியலில் அடைப்புக்குறி பார்த்து... இதனால்தான் "லினக்ஸ் டெஸ்க்டாப் ஆண்டு" வருஷா வருஷம் தள்ளிப்போகிறது.

பென்குவின்குட்டி:
விண்டோஸிலும் மொழியைச் சேர்த்து, அதற்குள் போய் விசைப்பலகையைச் சேர்த்தால்தான் தமிழ்99 வரும் ப்ரோ. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஒரே பட்டியலில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு வைத்து, எது எழுத்துக்கூட்டும் எது கூட்டாது என்று சொல்லாமல் விட்டது க்னோமின் பிழைதான்.

விசைப்பித்தன்:
இவ்வளவு சிரமம் எதற்கு? எம்17என் நிறுவியாகிவிட்டது, அதிலேயே ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ் வந்துவிடும்.

நள்ளிரவு_கெர்னல்:
வந்துவிட்டதய்யா இந்தச் சண்டை.

"வந்திருக்கிறார்கள்" என்பதை எண்ணிப் பாருங்கள். தமிழ்99-ல் வ, ந, த, இ, ர, உ, க, க, இ, ற, ஆ, ர, புள்ளி, க, ள, புள்ளி: 16 தட்டு, ஷிஃப்ட் தேவையே இல்லை. ஆங்கில எழுத்தில் அடித்தால் 18 எழுத்து. அதில் வல்லின ற-வுக்கும் ள-வுக்கும் ஷிஃப்ட் இரண்டு, ஆக 20. ஒரு சொல்லுக்கு நாலு தட்டு பெரிய விஷயமில்லை, நாள் முழுக்கத் தமிழில் எழுதுகிறவருக்குப் பெரிய விஷயம். வாரத்துக்கு நாலு வரி எழுதுகிறவருக்கு ஒலிபெயர்ப்பு போதும், அவரைத் தமிழ்99 பழகச் சொல்வது அநியாயம். கேட்டவர் ஏற்கெனவே பழகியவர், எனவே இந்த இழையில் அந்த வாதத்துக்கு வேலை இல்லை.

தட்டுத்தடுமாறி:
@பென்குவின்குட்டி நன்றி, புள்ளி விழுகிறது! டெக்ஸ்ட் எடிட்டர், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் சரியாக வருகிறது.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. குறிப்பெடுக்க ஓர் எலக்ட்ரான் செயலி (வலைப்பக்கம் போலச் செய்த செயலி) வைத்திருக்கிறேன். அதில் இப்போது தமிழே வரவில்லை. மேல் பட்டையில் தமிழ் என்று காட்டுகிறது, தட்டினால் ஆங்கில எழுத்துதான் விழுகிறது. பழைய டமில்நெட் 99 வைத்திருந்தபோது இதே செயலியில் தமிழ் வந்தது. அப்படியானால் எம்17என்-தானே கோளாறு?

அப்புறம், "ததும்பு" அடித்தால் "த்தும்பு" என்று வருகிறது. "பப்பாளி"யும் அப்படியே சொதப்புகிறது.

நள்ளிரவு_கெர்னல்:
கடைசியை முதலில் முடிக்கிறேன். அது பிழையில்லை, தமிழ்99 விதி. தானியங்கிப் புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் அ தட்டுங்கள். த, அ, த, உ, ம, ப, உ தட்டினால் ததும்பு. ப, அ, ப, ப, ஆ, ள, இ தட்டினால் பப்பாளி. சசி, மமதைக்கும் இதே வழி.

பழையதில் வந்தது, புதியதில் வரவில்லை என்பது நல்ல தடயம். எக்ஸ்கேபி விசை மட்டத்திலேயே எழுத்தை மாற்றிக் கொடுத்துவிடும். செயலிக்கு எந்த ஒத்துழைப்பும் வேண்டாம், அதனால் எங்கும் வேலை செய்யும். ஐபஸ் அப்படியில்லை. தட்டுவதை வாங்கி, யோசித்து, முடிவான எழுத்தைச் செயலியிடம் ஒப்படைக்கும். செயலி கையை நீட்டினால்தான் நடக்கும். உங்கள் செயலி நீட்டவில்லை.

ஏன் என்றால்: வேலண்டில் இந்த ஒப்படைப்புக்கு டெக்ஸ்ட் இன்புட் என்ற நெறிமுறை இருக்கிறது. க்னோம் பேசுவது அதன் 3-ஆம் பதிப்பு. குரோமியம் (குரோம் உலாவியின் அடித்தளம்) நெடுநாள் பேசியது 1-ஆம் பதிப்பு. எலக்ட்ரான் செயலி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குரோமியம் குந்தியிருக்கிறது, அது எவ்வளவு பழையது என்பது செயலியைச் செய்தவர் கையில். க்னோமுக்கு மாற்றான கேடிஇ டெஸ்க்டாப்பில் ஜன்னல்களைக் கையாளும் க்வின் இரண்டு பதிப்பையும் பேசும், அதனால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

முதலில் செயலி எதில் ஓடுகிறது என்று பாருங்கள். டெர்மினலில் எக்ஸ்ஐஸ் என்று ஒரு குட்டி நிரல் ஓட்டினால் இரண்டு கண் தெரியும் (இல்லையென்றால் எக்ஸ்11-ஆப்ஸ் பொதியில் வரும்). மவுஸை உங்கள் செயலி மேல் நகர்த்துங்கள். கண்கள் மவுஸைப் பின்தொடர்ந்தால் செயலி எக்ஸ்வேலண்டில் (வேலண்டுக்குள் எக்ஸ்11 செயலிகளை ஓட்டும் அடுக்கு) ஓடுகிறது. உறைந்து நின்றால் நேரடி வேலண்ட். வந்து பதில் சொல்லுங்கள்.

தட்டுத்தடுமாறி:
செயலி மேல் கொண்டுபோனால் கண் அசையவில்லை. டெஸ்க்டாப்பில் கிடக்கும், செயலியைத் தொடங்கும் .டெஸ்க்டாப் கோப்பைத் திறந்து பார்த்தேன், எக்ஸெக் வரியில் ஓசோன் பிளாட்ஃபார்ம் வேலண்ட் என்று ஒரு கொடி (தொடக்கக் கட்டளையோடு சேர்க்கும் தெரிவு) ஏற்கெனவே இருக்கிறது. எழுத்து மங்கலாகத் தெரிந்ததற்காக எங்கோ பார்த்து ஒட்டியது.

நள்ளிரவு_கெர்னல்:
ஆள் பிடிபட்டார். அந்தக் கொடி செயலியை நேரடி வேலண்டுக்குத் தள்ளுகிறது. உள்ளீட்டு முறையை இயக்குவது வேறு கொடி, அது உங்களிடம் இல்லை.

அதே எக்ஸெக் வரியில் ஓசோன் கொடிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு, எனேபிள்-வேலண்ட்-ஐஎம்இ. மறுபடி இடைவெளி, இரண்டு சிறுகோடு, வேலண்ட்-டெக்ஸ்ட்-இன்புட்-வெர்ஷன், சமக்குறி, 3. வரியின் கடைசியில் சதவீதக் குறியோடு யூ என்று இருந்தால் இவை அதற்கு முன்னால் வர வேண்டும். சேமித்து, செயலியை முழுக்க மூடித் திறங்கள். ஜன்னலை மட்டும் மூடினால் போதாது. பல எலக்ட்ரான் செயலிகள் மேல் பட்டையில் ஒளிந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கும், புதிய கொடி உள்ளே போகாது.

இதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே இருக்கும் குரோமியம் 3-ஆம் பதிப்பு தெரியாத அளவுக்குப் பழையது. அப்போது மூன்று கொடியையும் எடுத்துவிட்டு எக்ஸ்வேலண்டில் ஓட்டுங்கள். தமிழ் வரும். திரை அளவை 125 சதவீதம் மாதிரி பின்னத்தில் வைத்திருந்தால் எழுத்து சற்று மங்கும், இரண்டில் ஒன்றுதான்.

இன்னொன்று, கோப்பை யூஎஸ்ஆர், ஷேர், அப்ளிகேஷன்ஸ் அடைவிலேயே திருத்தாதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் அழிந்துவிடும். ஹோம் அடைவுக்குள் .லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸில் ஒரு பிரதி வைத்து அதைத் திருத்துங்கள், அதுதான் முந்தும்.

மறுதொடக்கம்:
அல்லது பேசாமல் உள்நுழையும் திரையில் பெயரைச் சொடுக்கி, கீழ் வலது மூலைப் பற்சக்கரத்தில் "உபுண்டு ஆன் எக்ஸார்க்" (அதாவது எக்ஸ்11 அமர்வு) தேர்ந்தெடுத்தால் இந்த வேதாந்தம் எதுவும் வேண்டாம். எக்ஸ்11 1987-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் பத்து வருஷம் ஓடும்.

பென்குவின்குட்டி:
சோதித்துப் பார்க்க நல்ல வழி, குடியிருக்க இல்லை. உபுண்டு 25.10-ல் க்னோமின் எக்ஸார்க் அமர்வையே எடுத்துவிட்டார்கள். 24.04-ல் இருக்கும்வரை ஓட்டலாம், அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்புக்குத் தாவும் நாளில் இதே கேள்வியோடு திரும்பி வர வேண்டியிருக்கும்.

அச்சுக்கோப்பு:
லிபரே ஆபிஸ் கேள்வியை எல்லோரும் மறந்தாயிற்று.

லிபரே ஆபிஸ் ஒவ்வொரு பாணிக்கும் மூன்று எழுத்துருக்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, சீன-ஜப்பானிய-கொரிய எழுத்துக்கு ஒன்று, சிடிஎல் எனப்படும் சிக்கலான எழுத்து வகைக்கு ஒன்று. தமிழ், இந்தி, அரபி எல்லாம் மூன்றாவதில் சேரும். நீங்கள் மாற்றியது மேற்கத்தியதை. அதனால்தான் ஆங்கிலம் மட்டும் மாறியது.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழிகள் பகுதிக்குப் போய் ஆவணங்களின் இயல்பு மொழிகளில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எஃப்11, டிஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல் மேல் வலது சொடுக்கு, திருத்து, எழுத்துருத் தாவல். இப்போது சிடிஎல்லுக்குத் தனிப் பகுதி தெரியும். அங்கே நோட்டோ செரிஃப் தமிழ், 14. தலைப்புப் பாணிகளுக்குத் தனியாக எழுத்துரு வைத்திருக்கும், அவற்றிலும் மாற்றுங்கள்.

விண்டோஸில் லதாவோ நிர்மலாவோ வைத்து எழுதிய பழைய கோப்புகளைத் திறந்தால் வரி ஓடி, பக்கம் கூடும். அந்த எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்டுடையவை, உபுண்டுவில் வராது. கணினி வேறொன்றை வைத்து ஒப்பேற்றும். அச்சகத்துக்கோ வேறு ஆளுக்கோ அனுப்புவதானால் ஃபைல், ப்ராபர்ட்டீஸ், ஃபான்ட் தாவலில் எழுத்துருவை ஆவணத்துக்குள் பொதிக்கும் வசதி இருக்கிறது. பிடிஎஃப் போதுமென்றால் அதுவும் வேண்டாம்.

கூட்டெழுத்தை அழிக்கும்போது ஒன்று கவனியுங்கள்: "கொ"வுக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் உயிர்க்குறி மட்டும் போய் க நிற்கும், முன்னால் நின்று டெலீட் தட்டினால் முழு எழுத்தும் போகும். வேண்டுமென்றே அப்படி வைத்தது. திருத்தும்போது கை பழகிவிட்டால் வசதிதான்.

தட்டுத்தடுமாறி:
இரண்டும் சரியாகிவிட்டன! கொடிகள் போட்டு, மேல் பட்டையிலிருந்து செயலியை வெளியேற்றித் திறந்ததும் தமிழ் வந்தது. ரைட்டரிலும் எழுத்துரு மாறிவிட்டது. தலைப்பில் [தீர்ந்தது] போட்டுவிட்டேன்.

ஒரே ஒரு குறை. அந்தச் செயலியில் கடைசி எழுத்தின் கீழே கோடு ஓடுகிறது, அப்போதே வேறெங்காவது சொடுக்கினால் சில சமயம் அந்த எழுத்தே காணாமல் போகிறது.

பென்குவின்குட்டி:
கோடு போட்ட எழுத்து இன்னும் இயந்திரத்தின் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து உயிர் வருமா, அதே மெய் வருமா என்று காத்திருக்கிறது. அந்த நேரத்தில் குவியம் மாறினால் சில செயலிகள் எழுத்தை ஏற்றுக்கொள்ளும், சில தூக்கி எறிந்துவிடும். சொடுக்குவதற்கு முன் ஓர் இடைவெளியோ வலது அம்புக்குறியோ தட்டுங்கள், எழுத்து உறுதியாகிவிடும்.

குழாயடி_கேடிஇ:
நுழைந்ததற்கு மன்னிக்கவும், குபுண்டுவில் (கேடிஇ வைத்த உபுண்டு) ஐபஸ் போட்டால் மல்லுக்கு நிற்கிறது. அங்கேயும் இதேதானா?

நள்ளிரவு_கெர்னல்:
கேடிஇ-யில் ஐபஸோடு மல்லாட வேண்டாம். ஐபஸுக்கு மாற்றான எஃப்சிஐடிஎக்ஸ்5, கூடவே எஃப்சிஐடிஎக்ஸ்5-எம்17என், இரண்டு பொதியையும் நிறுவி, சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு பக்கத்தில் எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். (திரை விசைப்பலகைக்கான பக்கம் போலத் தெரியும், ஆனால் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.) பிறகு எஃப்சிஐடிஎக்ஸ் அமைப்பில் தமிழ்99-ஐச் சேருங்கள். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஜிடிகே ஐஎம் மாட்யூல் சூழல் மாறியை எங்காவது எழுதி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள், கேடிஇ-யின் பிளாஸ்மா வேலண்ட் அமர்வில் அது உதவியைவிட உபத்திரவம்தான் அதிகம் தரும்.

விசைப்பித்தன்:
தமிழ்99-ல் ஒரு விசையை மட்டும் எனக்கு வேண்டியபடி மாற்றலாமா? தமிழ் எண்கள் வேண்டும்.

நள்ளிரவு_கெர்னல்:
ஒலிபெயர்ப்புக் கட்சியிலிருந்து வந்துவிட்டீரா!

மாற்றலாம். எம்17என் விதிகள் எல்லாம் சாதாரண உரைக் கோப்புகள், .மிம் என்று முடியும். யூஎஸ்ஆர், ஷேர், எம்17என் அடைவில் தமிழ்99-க்கான கோப்பு இருக்கிறது. ஹோமில் .எம்17என்.டி என்று ஓர் அடைவு உண்டாக்கி அதில் பிரதி வையுங்கள், உங்களுடையதுதான் முதலில் படிக்கப்படும். உள்ளே எந்த விசைக்கு எந்த எழுத்து என்று அடைப்புக்குள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஏற்கெனவே உள்ள ஒரு வரியைப் பார்த்து அதே வடிவில் உங்கள் வரியைச் சேருங்கள். அடைப்புக்குறி ஒன்று குறைந்தாலும் முழுக் கோப்பும் சத்தமில்லாமல் படுத்துவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. சேமித்ததும் டெர்மினலில் ஐபஸ் ரீஸ்டார்ட்.