கலைச்சொல்: கச்சாப்படம், உடன்கோப்பு, ஒருசேரத் திருத்தல்

பொருள்: ரா, சைட்கார், பேட்ச் எடிட், சிங்க் – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

ஒளிப்பட மென்பொருளின் தமிழாக்கக் கோப்பில் நான்கு சொற்கள் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. இப்போதைக்கு அங்கே உள்ளவை: மூலப்படம், பக்கக்கோப்பு, தொகுதித் திருத்தம், அமைப்புகளை ஒத்திசை. நான்கையும் மாற்றலாம் என்பது என் எண்ணம். முதல் சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

மூலப்படம் என்றால் திருத்துவதற்கு முன்பு இருந்த படம் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். கேமரா தந்த ஜேபெக்கும் அந்தப் பொருளில் மூலப்படமே. ரா அப்படியல்ல. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் அளக்கிறது. அந்த அளவுகள் பெரும்பாலும் 12 அல்லது 14 பிட்டில் கோப்பில் கிடக்கின்றன. 14 பிட் என்றால் 16,384 படிகள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். விடுபட்ட நிறங்களைக் கணித்து நிரப்பி, வெண்சமன் (ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்தல்) பார்த்து, ஒளிவளைவு (இருள், வெளிச்ச அளவுகளை மாற்றும் கோடு) போட்ட பிறகே அது கண்ணுக்குப் படமாகிறது. ஆகவே நமக்கு வேண்டிய சொல் ‘இன்னும் ஆக்காதது’ என்று சொல்ல வேண்டும். ‘முதலில் இருந்தது’ என்று சொன்னால் ஆபத்து. ‘மூலப்படத்தை நீக்கு’ என்று ஒரு பொத்தான் இருந்தால், ராவும் ஜேபெக்கும் இணையாக எடுத்தவர் எதை இழக்கப்போகிறோம் என்று எப்படி அறிவார்?

கச்சாப்படம் என்று முன்மொழிகிறேன்.

*

மறு: ரா, சைட்கார், பேட்ச் எடிட், சிங்க் – தமிழில் என்ன?

> கச்சாப்படம் என்று முன்மொழிகிறேன்.

காரணம் சரி, சொல்தான் இடிக்கிறது. கச்சா வடக்கேயிருந்து வந்த சொல். ஆக்காத பொருளைச் சொல்லத் தமிழில் பச்சை இருக்கிறதே: பச்சரிசி, பச்சைப்பால், பச்சைமண். பச்சைப்படம் என்றால் சுருக்கமாகவும் இருக்கும், நம் சொல்லாகவும் இருக்கும். கேட்டவுடன் பொருளும் விளங்கும்.

*

மறு: மறு: ரா, சைட்கார்...

ஐயா, வேறு எந்தத் துறையாக இருந்தாலும் பச்சைக்கு என் வாக்கு உண்டு. இங்கே மட்டும் அது ஓடாது. உணரியின் மேல் இருக்கும் நிறக்கட்டமான பேயர் வடிகட்டியில் (1976இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்குக் காப்புரிமை கிடைத்தது) நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பு வரிசையில் உள்ள பச்சையும் நீல வரிசையில் உள்ள பச்சையும் சில கேமராக்களில் சற்றே வேறுபட்ட அளவு காட்டும். அதைச் சமன் செய்யாமல் விட்டால் வானம் போன்ற சீரான பரப்பில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் தெரியும். ரா கோப்புகளைத் திருத்தும் ராதெரப்பி என்ற மென்பொருளில் அதற்கென்றே ஒரு கருவி உண்டு. உங்கள் சொல்லை ஏற்றால் அதன் பெயர் ‘பச்சைப்படத்தின் பச்சைச் சமன்’ என்றாகும். ஒளிப்பரவல் வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) ‘பச்சைத் தடம்’, அதன் மேலேயே ‘பச்சைப்படம்’. படிப்பவர் பாவம்.

கச்சா எங்கிருந்து வந்திருந்தாலும் கச்சா எண்ணெய், கச்சாப்பொருள் என்று நாளிதழ் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். சுத்திகரிக்க வேண்டியது, அப்படியே பயன்படாது, ஆனால் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்ற பொருள் அப்படியே பொருந்துகிறது. ‘ரா’ என்று ஒலிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தனியாக எழுதினால் பாதிப் பேர் இரவு என்று படிப்பார்கள், மீதிப் பேர் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள்.

*

மறு: சைட்கார் பற்றி மட்டும்

கச்சாப்படம் எனக்குச் சம்மதம். சைட்காருக்கு வருகிறேன்; நிரலில் இது எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் சொல் தானாக அமையும்.

கச்சாப்படத்தின் மேல் மென்பொருள் எழுதுவதில்லை. திருத்தங்கள் எல்லாம் குறிப்புகளாக, அருகில் ஒரு சிறு எழுத்துக் கோப்பில் போகின்றன. பல மென்பொருள்களில் அது எக்ஸ்எம்பி, ராதெரப்பியில் பிபி3. டிஎன்ஜி என்ற கச்சாப்பட வடிவில் மட்டும் எக்ஸ்எம்பியைக் கோப்புக்குள்ளேயே வைக்கலாம். ஆகவே டிஎன்ஜிக்குத் தனிக் கோப்பு இல்லாததைக் கண்டு ‘காணவில்லை’ என்று எச்சரிக்கக் கூடாது.

பெயரிடும் முறையில்தான் சிக்கல். லைட்ரூம் என்ற மென்பொருள் படக்கோப்பின் பின்னொட்டை எடுத்துவிட்டு எழுதும்: ஐஎம்ஜி_0412.சிஆர்3 என்பதற்கு ஐஎம்ஜி_0412.எக்ஸ்எம்பி. டார்க்டேபிள் என்ற இன்னொரு மென்பொருள் முழுப்பெயரின் பின்னால் ஒட்டும்: ஐஎம்ஜி_0412.சிஆர்3.எக்ஸ்எம்பி. அதே படத்துக்கு இரண்டாவது திருத்தப்பிரதி எடுத்தால் ஐஎம்ஜி_0412_01.சிஆர்3.எக்ஸ்எம்பி. இரண்டு மென்பொருளும் ஒரே கோப்புறையில் வேலை செய்தால் ஒரு படத்துக்கு இரண்டு எக்ஸ்எம்பி கிடக்கும். ஒன்றை ‘தேவையற்ற நகல்’ என்று அழிப்பவர்கள் உண்டு. அழித்தது எந்த மென்பொருளின் கோப்போ அதன் திருத்தம் போயிற்று. தரவுத்தளத்தில் மிச்சமிருந்தால் பிழைத்தோம்.

கோப்பு மேலாளரில் படத்தின் பெயரை மட்டும் மாற்றுவது இன்னொரு வகை. எக்ஸ்எம்பி பழைய பெயரிலேயே நிற்கும், தரவுத்தளம் பழைய பெயரையே தேடும். பெயர்மாற்றம், இடமாற்றம் இரண்டையும் மென்பொருளுக்குள்ளிருந்தே செய்யச் சொல்வது இதனால்தான்.

பக்கக்கோப்பு என்றால் ஆவணத்தின் பக்கம் என்று பொருள்படுகிறது. துணைக்கோப்பு என்றால் சிறுபடச் சேமிப்பு, பூட்டுக்கோப்பு எல்லாம் அதில் அடங்கிவிடும். அவற்றை அழித்தால் மென்பொருள் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும், இதை அழித்தால் முடியாது. இணைப்புக்கோப்பு என்றால் மின்னஞ்சல். படம் போகும் இடமெல்லாம் உடன்போக வேண்டியது என்பதால் உடன்கோப்பு.

*

மறு: உடன்கோப்பு

உடன்கோப்பு நல்ல ஆக்கம். உடன்பிறப்பு, உடன்படிக்கை வரிசையில் இயல்பாக உட்காருகிறது. பச்சையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக இதை ஏற்கிறேன். எழுதும்போது சேர்த்தே எழுதுக. ‘உடன் கோப்பு’ என்று பிரித்தால் ‘உடனே’ என்ற பொருள் தட்டும்.

*

மறு: பேட்ச் எடிட், சிங்க்

இந்த இரண்டுக்கும் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று தேடினால் தோற்போம். ஆங்கிலத்தில் பேட்ச் (பல படங்களை ஒரேயடியாகத் திருத்துவது) என்ற ஒரே பெயருக்குள் வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பயனர் படும் பாடு பெரும்பாலும் அந்தக் குழப்பத்தால்தான்.

மூன்று படங்களுக்கு ஒளியளவு +0.3, +0.7, −0.2 என்று இருப்பதாகக் கொள்வோம். மூன்றையும் தேர்ந்து +0.5 கொடுக்கிறோம். மூன்றும் +0.5 ஆக வேண்டுமா, அல்லது +0.8, +1.2, +0.3 ஆக வேண்டுமா? இரண்டுமே நியாயமான வேலைகள். லைட்ரூமின் டெவலப் பகுதியில் சிங்க் கொடுத்தால் முதல்வகை. நூலகப் பகுதியின் குவிக் டெவலப் அம்புகளை அழுத்தினால் இரண்டாம்வகை, ஒற்றை அம்புக்கு மூன்றில் ஒரு ஸ்டாப், இரட்டை அம்புக்கு ஒரு ஸ்டாப் (ஒளி இரட்டிப்பாகும் அளவு). ராதெரப்பி இதை வெளிப்படையாகவே கேட்கிறது: விருப்பங்களில் ஒவ்வொரு அளவுக்கும் ‘செட்’, ‘ஆட்’ என்று இரண்டு நிலை. திருமண மண்டபம் போல விளக்குகள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் எடுத்த 300 படங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டு, கடைசியில் ‘எல்லாம் கொஞ்சம் இருட்டு’ என்று முதல்வகையில் +0.5 கொடுத்தால் அதுவரை பார்த்த வேலை மொத்தமும் அழியும்.

ஆகவே இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்: ஒரே மதிப்பாக்கு, மதிப்பில் கூட்டு. இவற்றுக்கெல்லாம் மேலான பொதுப்பெயராக ஒருசேரத் திருத்தல். தொகுதி என்பது ஏற்கெனவே சட்டமன்றம், நூல், நிரல்கூறு எல்லாவற்றையும் சுமக்கிறது. இதையும் ஏற்ற வேண்டாம்.

அடுத்து சிங்க். ‘ஒத்திசை’ என்றால் இரு பக்கமும் சமமாதல். மேகக்கணிமைக்கு அது சரி. ‘சிங்க் செட்டிங்ஸ்’ ஒருவழிப் பாதை. முதன்மையாகத் தேர்ந்த ஒரு படத்தின் அமைப்புகள் மற்றவற்றின் மேல் எழுதப்படும். ஒரே மென்பொருளில் மேகக்கணிமைக்கும் சிங்க், இதற்கும் சிங்க் என்று இருப்பதைத் தமிழிலும் அப்படியே கொண்டுவருவது வீண் விசுவாசம். இதற்கு பரப்பு என்கிறேன்.

எதைப் பரப்பலாம், எதைப் பரப்பக்கூடாது என்பதும் உதவிக்குறிப்பில் வர வேண்டும்:

வெண்சமன் பரப்பும்போது முதன்மைப் படத்தில் ‘எடுத்தபடி’ என்று இருந்தால் மற்ற படங்களும் தத்தம் கேமரா மதிப்புக்கே திரும்பும்; வரிசை ஒரே நிறத்துக்கு வராது. முதலில் அதை 5200 கெல்வின் போல ஓர் எண்ணாக மாற்றிவிட்டுப் பரப்ப வேண்டும். கச்சாப்படத்திலிருந்து ஜேபெக்குக்கு இதைப் பரப்பவே கூடாது. லைட்ரூமில் கச்சாவுக்கு அளவுகோல் கெல்வினில், ஜேபெக்குக்கு −100 முதல் +100 வரை வெறும் நகர்வு.

செதுக்கல், தூசி நீக்கம், கையால் வரைந்த மறைப்பு (மாஸ்க்) ஆகியவை இடம் சார்ந்தவை. முகத்தின் மேல் வரைந்த மறைப்பு அடுத்த படத்தில் சுவரின் மேல் உட்காரும். உணரித் தூசி மட்டும் விதிவிலக்கு. எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும் என்பதால் வானக் காட்சிகளில் பரப்பலாம், ஆனால் எதை எடுத்து நிரப்புகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

இரைச்சல் நீக்கம் (படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைப்பது) ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்திறன் அளவைப் பொறுத்தது. 6400இல் எடுத்த படத்துக்கு வைத்த அளவை 100இல் எடுத்ததற்குப் பரப்பினால் தோலும் துணியும் மெழுகாகிவிடும். முதலில் ஐஎஸ்ஓ வாரியாக வடிகட்டி, பிறகு பரப்புக.

டார்க்டேபிளில் ஒட்டும்போது ‘அப்பெண்ட்’, ‘ஓவர்ரைட்’ என்று இரண்டு. முன்னது இருக்கும் திருத்த வரிசையின் மேல் சேர்க்கும்; பின்னது பழைய வரிசையைத் துடைத்துவிட்டு வைக்கும். மேற்சேர், துடைத்தெழுது என்றால் ஆபத்து எங்கே என்று பெயரிலேயே தெரியும். ‘மேலெழுது’ என்று மட்டும் வைத்தால் இரண்டுக்கும் பொருந்தித் தொலைக்கும்.

*

மறு: மறு: பேட்ச் எடிட், சிங்க்

துடைத்தெழுது அருமை. பரப்பு மட்டும் யோசிக்க வேண்டும். பெயர்ச்சொல்லாக அது நிலப்பரப்பு, படப்பரப்பு. பக்கத்திலேயே ‘பரப்பைத் தேர்ந்தெடு’ என்று ஒரு கருவி இருக்கிறது. ஏவலாக நிற்கும் பொத்தானில் செயப்படுபொருளோடு எழுதினால் குழப்பம் தீரும்: ‘அமைப்புகளைப் பரப்பு’. தனித்து நிற்கும் ‘பரப்பு’ எங்கும் வேண்டாம்.

ஆட்டோ சிங்க்குக்கு ‘தானே பரப்பு’ என்று வைத்தால், அது இயங்கும்போது ஒரு நிலையைக் காட்டும் பெயரும் வேண்டும். அதை மறந்துவிட்டு ஒரு படத்தைத் திருத்துவதாக நினைத்துத் தேர்வில் உள்ள 80 படத்தையும் கருப்புவெள்ளை ஆக்குவது அடிக்கடி நடப்பது. ‘தேர்ந்தவை அனைத்தும் மாறும்’ என்று முழு வாக்கியமாகவே எழுதிவிடலாம். நீளம்தான், இருக்கட்டும்.

*

மறு: டெவலப்?

இடையில் ஒரு கேள்வி. டெவலப் என்பதற்குக் கோப்பில் ‘மேம்படுத்து’ என்று இருக்கிறது. இது மென்பொருள் உருவாக்கத்திலிருந்து தப்பி வந்த சொல். பிலிம் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் ‘கழுவுவது’ என்றுதான் சொன்னார்கள். இருட்டறை என்ற சொல்லும் அங்கிருந்துதான். கச்சாப்படத்தைக் கழுவு என்றால் எண்ணெய்ப்பிசுக்கு நினைவுக்கு வரும் என்பதால் துணிந்து சொல்லவில்லை. உருத்துலக்கு எப்படி?

*

மறு: மறு: டெவலப்?

உருத்துலக்கு சரி. கழுவு பேச்சில் இருக்கட்டும்.

*

மறு: தொகுப்பு, கூடவே ஒரு வழு

இதுவரை எதிர்ப்பின்றி நிற்பவற்றைக் கோப்பில் ஏற்றிவிட்டேன்: கச்சாப்படம், உடன்கோப்பு, ஒருசேரத் திருத்தல், ஒரே மதிப்பாக்கு, மதிப்பில் கூட்டு, அமைப்புகளைப் பரப்பு, மேற்சேர், துடைத்தெழுது, உருத்துலக்கு. ஏற்றுமதி வரிசைக்கு ‘ஒருசேர ஏற்றுமதி’ போதும். அங்கே திருத்தம் எதுவும் நடப்பதில்லை என்பதால் ‘திருத்தல்’ ஒட்ட வேண்டியதில்லை.

ஏற்றும்போது கண்ணில் பட்டது: நிறக்குறிகள் (படங்களை வகைப்படுத்த இடும் வண்ண அடையாளங்கள்). எக்ஸ்எம்பியில் நட்சத்திர மதிப்பு எண்ணாகப் போகிறது (நிராகரித்ததற்கு −1), அதில் சிக்கல் இல்லை. நிறக்குறிக்கான லேபிள் புலம் மட்டும் எழுத்தாகப் போகிறது. நம் தமிழாக்கம் ‘ரெட்’ என்ற எழுத்துச்சரத்தை (ஸ்ட்ரிங்) ‘சிவப்பு’ என்று மாற்றினால் உடன்கோப்பிலும் ‘சிவப்பு’ என்றே எழுதப்படும். அதை லைட்ரூமிலோ அடோபியின் படமேலாளரான பிரிட்ஜிலோ ஆங்கில இடைமுகத்தில் திறந்தால் பெயர் பொருந்தாமல் குறி வெள்ளையாகக் காட்டும். டார்க்டேபிள் தன் சொந்தப் புலத்தில் எண்ணாக எழுதுவதால் தப்பிக்கிறது.

ஆகவே திரையில் காட்டும் நிறப்பெயரையும் கோப்பில் எழுதும் நிறப்பெயரையும் நிரலில் இரண்டு சரங்களாகப் பிரித்த பிறகே இந்த ஐந்து வரிகளை மொழிபெயர்க்க முடியும். அதுவரை அவற்றை வெற்றாக விட்டிருக்கிறேன். பார்ப்பவர்கள் ‘விடுபட்டது’ என்று நிரப்பிவிட வேண்டாம்.