பள்ளி வாசலில் வேகத்தடை: யாரிடம் கேட்பது?

கேள்வி: எங்கள் தெருமுனையில் நடுநிலைப் பள்ளி இருக்கிறது. காலை எட்டே முக்காலுக்கு, பிள்ளைகள் வரும் அதே நேரத்தில், மணல் லாரிகள் பாய்ந்து வருகின்றன. போன வாரம் என் பேத்தியின் சைக்கிளை ஒரு லாரி உரசிவிட்டது. முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாள். மாமன்றக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, கடை வாடகை என்று தீர்மானங்கள் மளமளவென நிறைவேறின. வேகத்தடை கேட்ட எங்கள் மனு வரவே இல்லை. வயிறு எரிகிறது. அடுத்து என்ன செய்வது?

பதில்: அம்மா, மனுவை வார்டு உறுப்பினரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பகுதி சபை (வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டம்) கூடும்போது எழுந்து பேசுங்கள். லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு கேட்பதானால் போக்குவரத்துக் காவல் துறைக்குத் தனி மனு வேண்டும்.

பதில்: தெருவாசிகளே மேடு போட்டுவிடாதீர்கள். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அளவில்லாத மேட்டில் இரவில் ஏறிய என் தம்பிக்குத் தோள் எலும்பு முறிந்தது. எச்சரிக்கைப் பலகையும் வெள்ளைக் கோடும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. காவல் துறைக்கும் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாளை காலை பள்ளி வாசலில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கத் தொடங்குகிறேன்.