தொண்ணூறுகளின் தொடக்கத்து ரேவ் பாடல்கள்: அந்தப் பியானோ ஒலி எங்கிருந்து வந்தது?

கேள்வி (செல்லூர்):
மேலமாசி வீதிப் பக்கம் வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கிய, 1991 முதல் 1993 வரையிலான, ரேவ் எனப்படும் ஆங்கில நடனப் பாடல்களை மறுபடியும் கேட்டு வருகிறேன். வெவ்வேறு குழுவினரின் பாடல்களில் ஒரே மாதிரியான துள்ளல் பியானோ ஒலிப்பது ஏன் என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (திருநகர்):
1988இல் வெளிவந்த கோர்க் எம்1 கீபோர்டில் ஆயத்தமாகவே இருந்த பியானோ ஒலியைப் பலரும் அப்படியே எடுத்தாண்டதுதான் முதன்மைக் காரணம். உண்மையான பியானோவின் குழைவு அதில் இராது. ஒவ்வொரு தட்டலும் கூர்மையாக விழுவதால், கனத்த டிரம் ஒலிக்கு நடுவிலும் அது தனித்துக் கேட்கும். பழைய இசைத்தட்டுகளின் டிரம் பகுதிகளைச் சாம்ப்ளரில் (ஒலித்துண்டுகளைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவி) வெட்டியெடுத்து வேகம் கூட்டியதும் அக்காலத்து வழக்கமே. 1991இல் பிரிட்டன் பாடல் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்த, புராடிஜி குழுவினரின் 'சார்லி' பாடலைக் கேளுங்கள். சிறுவர்களுக்கான பாதுகாப்பு விளம்பரப் படமொன்றின் பூனைக் குரலை அதில் எவ்வளவு நேர்த்தியாகக் கோத்திருக்கிறார்கள்!

மறுமொழி (உசிலம்பட்டி):
திருநகர் அண்ணன் சொன்னது சரியே. ஆயினும், 1992இல் பிரிட்டனில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் இருந்த ஜெர்மனியின் ஸ்னாப் குழுவினரது 'ரிதம் இஸ் எ டான்சர்' பாடலைத் தூக்கி நிறுத்துவது பியானோ அல்ல, சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) மெட்டுத்தான். எங்கள் ஊர்த் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியைச் சோதிக்க அதைத்தான் முதலில் போடுவார்கள்.