கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சி: மெருகேற்றுவதா, பழையதாக்குவதா?

மாட்டுங்கா மேசை

மும்பையின் கடைசிப் பிரீமியர் பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் தாட்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வரம்பு இருப்பதால், 2023 அக்டோபர் 30 முதல் அந்த வண்டி இந்நகரச் சாலைகளில் அதிகாரபூர்வமாக இல்லை. அதை 1/24 அளவுள்ள, அதாவது அசலின் 24இல் ஒரு பங்கு நீளமுள்ள சிறு மாதிரியாகச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். அசல் வண்டி ஏறக்குறைய 3.9 மீட்டர் நீளம் என்பதால் மாதிரி 16 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. பாடி முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின். சக்கரங்களுக்காக இறக்குமதியான மாதிரிக் கார் கிட் ஒன்றைப் பிரிக்க மனம் வராததால் அவற்றையும் அச்சிலேயே எடுத்தேன் (பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்ததை இங்கே எல்லோரும் அறிவார்கள்). பிரைமர் அடித்தாகிவிட்டது.

இதைக் கண்ணாடி போல் மெருகேற்றப் போகிறேன் என்று சொன்னதற்கு, "அப்படி மின்னினால் அது டாக்சி அல்ல, கல்யாண கார்" என்று நம் மன்றத்தில் டோம்பிவிலி தூரிகை என்ற பெயரில் எழுதும் நண்பர் தனிச்செய்தியில் எழுதினார். பொதுவிலேயே பேசிவிடலாம். என் நிலை இதுதான்: கார் மாதிரி செய்பவரின் கைத்திறன் தெரிவது மேற்பரப்பில்தான். அழுக்கும் துருவும் பூசும் பழக்கம் ராணுவ டாங்கி மாதிரி செய்பவர்களிடமிருந்து நம்மிடம் வந்தது; அங்கே அதற்குப் பொருள் உண்டு, இங்கே அது பெரும்பாலும் சரியாகத் தேய்க்காத பாடியை மறைக்கவே பயன்படுகிறது. பளபளக்கும் கறுப்பு எதையும் மறைக்காது. அச்சின் 0.05 மில்லிமீட்டர் அடுக்குக் கோடு ஒன்று கதவில் விடுபட்டிருந்தாலும் விளக்கு வெளிச்சத்தில் அது வரிவரியாகத் தெரிந்துவிடும்.

டோம்பிவிலி தூரிகை

கல்யாண கார் என்று சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஷோரூமில் நின்ற பத்மினியைச் செய்வதானால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் நீங்கள் செய்வது டாக்சி. கடல் காற்றில் உப்பு கலந்த ஊரில், ஓராண்டில் நான்கு மாதம் மழையில் நனைந்து ஓடிய வண்டி அது. கூரையை ஒட்டி ஓடும் மழைநீர்க் கால்வாயின் மூலைகளிலும், கதவுகளின் கீழ் விளிம்பிலும், சக்கர வளைவின் உள்மடிப்பிலும் துரு எட்டிப் பார்க்காத பத்மினி டாக்சியை நான் கண்டதில்லை.

துருவை விடுங்கள், பயன்பாட்டின் தடங்கள் இருக்கின்றன. சி.என்.ஜி. வந்த பிறகு டிக்கியை சிலிண்டர் அடைத்துக்கொண்டதால் பயணிகளின் பெட்டிகள் கூரைக் கேரியருக்கு ஏறின. அதனால் கேரியரின் கால்கள் ஊன்றிய இடங்களைச் சுற்றி மஞ்சள் கீறிக் கிடக்கும். இடப்பக்க மட்கார்டின் மேல் வெளியே நிற்கும் இரும்பு மீட்டரின் கொடியை ஓட்டுநர் நாளெல்லாம் திருப்புவார். அதைச் சுற்றியிருக்கும் கறுப்பு மட்டும் கைபட்டு வேறு விதமாக மின்னும். இவை இல்லாத மாதிரி எந்த ஊர் டாக்சி?

இன்னொன்று. 16 சென்டிமீட்டர் நீளப் பொருளின் மேல் சுத்தக் கறுப்பை அடித்தால் விளிம்பும் வளைவும் கண்ணுக்குப் பிடிபடாமல் ஒரே இருட்டாகிவிடும். ஆகவே கறுப்பில் சிறிது சாம்பல் கலந்து வெளிறச் செய்வதே அளவுக்குப் பொருத்தம்.

செம்பூர்ப் பட்டறை

இருவருடனும் எனக்கு வழக்கு உண்டு, தூரிகையுடன் சற்றுக் கூடுதலாக. என் அப்பா ஆண்டாப் ஹில் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைகளில் எங்களுக்குத் தேய்ப்புத்தாள் பிடிக்கும் வேலை, டாக்சிகளில்தான் அதிகம். பாசிங் (ஆர்.டி.ஓ. தகுதி ஆய்வு) தேதி நெருங்கியதும் வண்டி பட்டறைக்கு வரும். துருவைச் சுரண்டி, பள்ளத்தில் புட்டிப் பசை அடைத்து, ஒரே நாளில் கறுப்பையும் மஞ்சளையும் அடித்து அனுப்புவோம். வண்டி அழுக்காக இருந்தால் ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயம் ஒருபுறம். மறுபுறம், அந்த வண்டி ஓட்டுநரின் சோறு. காலையில் ஸ்டாண்டில் ஈரத்துணியால் துடைத்து, பம்பரைத் தேய்த்து, எலுமிச்சையும் மிளகாயும் கட்டிய பிறகே அவர்கள் முதல் சவாரி எடுத்தார்கள். அழுக்கு டாக்சி என்பது பின் இருக்கையில் உட்கார்ந்து போனவர்களின் நினைவு என்றே எனக்குப் படுகிறது.

அதற்காக மேசையாருக்கு வெற்றி என்று எண்ண வேண்டாம். நாங்கள் அடித்த பெயின்டில் கண்ணாடி போன்ற மெருகு இருந்ததே இல்லை. மலிவான தின்னரும் அவசரமும் சேர்ந்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோலைப் போலப் புள்ளிபுள்ளியாக இறுகும். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை. செய்தித்தாள் ஒட்டி அடிப்போம், பாதி ரப்பர் கறுப்பாகவே ஊறிவிடும். கதவுக் கைப்பிடியின் கீழ் ஒரு சொட்டு வழிந்து அப்படியே காய்ந்திருக்கும். அந்த வண்டிக்குப் பளபளப்பு உண்டு, ஆனால் அது தடித்த, முரட்டுப் பளபளப்பு.

பாண்டுப் மைக்ரான்

மேசையாரின் கண்ணாடி மெருகை அளவுக்கணக்கில் பார்ப்போம். தொழிற்சாலையில் பூசப்படும் காரின் மொத்தப் பூச்சு ஏறக்குறைய 100 முதல் 120 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதை 24ஆல் வகுத்தால் 4 முதல் 5 மைக்ரான் வருகிறது. ஸ்ப்ரே கேனில் ஒரு பூச்சை அவ்வளவு மெல்லியதாக அடிக்கவே முடியாது. பிரைமர், மஞ்சள், கறுப்பு, கிளியர் (மேலே அடிக்கும் நிறமில்லாப் பளபளப்புப் பூச்சு) எல்லாம் சேர்ந்து நம் மேசையில் எளிதாக 100 மைக்ரானை எட்டும். அசல் அளவுக்குப் பெருக்கினால் 2.4 மில்லிமீட்டர் தடிமன்! கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள கோடுகள் நிரம்பி மறைவது இதனால்தான்.

மேலும், கறுப்பு, மஞ்சள் போன்ற சாதா நிறங்களின் மேல் கிளியர் அடிக்கும் வழக்கம் அந்த வண்டிகளில் இல்லை. நிறமே மெருகு. ஆகவே மேலே கிளியர் ஊற்றி ஆழமான பளபளப்பு வரவழைத்தால், 1974இல் பத்மினி என்று பெயர் பெற்ற வண்டிக்குப் பிந்தைய காலத்து உடையை அணிவிக்கிறோம். இரண்டு பகுதிக் கிளியர் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது. ஒற்றைப் படுக்கையறை வீட்டின் பால்கனியில், சாதாரணத் துணி முகக்கவசத்துடன் அடிக்கும் பொருள் அல்ல அது.

மாட்டுங்கா மேசை

இரண்டு பகுதிக் கிளியர் என் திட்டத்திலேயே இல்லை. தாமியா டி.எஸ்.14 என்ற ஸ்ப்ரே கேன் லாக்கர் கறுப்பையே மெல்லிய பூச்சுகளாக அடித்து, நன்றாகக் காயவிட்டு, 2000 எண் தாளால் ஈரமாகத் தேய்த்து, மூன்று நிலை காம்பவுண்டால் மெருகேற்றப் போகிறேன். தேய்க்கும்போது பூச்சு மெலிகிறது என்பதை மைக்ரான் நண்பர் தம் கணக்கில் சேர்க்கவில்லை. அதோடு, கண் தடிமனை அளப்பதில்லை, பிரதிபலிப்பைப் பார்க்கிறது. ஜன்னல் சட்டம் வளையாமல் கதவில் தெரிந்தால் வண்டி பெரிதாகத் தோன்றும். கலங்கித் தெரிந்தால் உடனே பொம்மையாகிவிடும். செம்பூர் நண்பர் சொன்ன புள்ளிகளை அப்படியே 1/24இல் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் அசல் அளவில் கோலிக்குண்டு ஆகிவிடும் என்பதே என் கவலை.

மழைக்காலம் முடியும்வரை கறுப்பைத் தொடப்போவதில்லை. லாக்கர் காயும்போது கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. மும்பையின் ஜூலைக் காற்றிலிருந்து ஈரம் அதில் படிந்து பூச்சே வெள்ளை பூத்துவிடுகிறது. மஞ்சளில் அது மறைந்துகொள்ளும், கறுப்பில் மாவு தூவியது போலக் காட்டிக்கொடுக்கும். தாமதப்படுத்தும் தின்னர் கலந்தால் சமாளிக்கலாம் என்பார்கள். கேனில் எதைக் கலப்பது? அதுவரை கூரைக்கு இளஞ்சிவப்பு அடிப்பூச்சு அடித்து அதன் மேல் மஞ்சளை ஏற்றி வைப்பேன். கறுப்பின் மேல் மஞ்சளை அடித்து மூடவைக்க முயல்வது வீண் வேலை.

டோம்பிவிலி தூரிகை

செம்பூர் நண்பரின் சாட்சியம் வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் பாசிங் பெயின்ட் எத்தனை நாள் தாங்கும்? மாதிரி என்பது வண்டியின் ஏதோ ஒரு நாளை நிறுத்திக் காட்டுவது. அது எந்த நாள் என்று முதலில் முடிவாகட்டும். பாசிங் முடிந்த மறுநாளா, அதற்கடுத்த மழைக்காலம் கழிந்த தீபாவளியா? இரண்டாவது என்றால் என் துருவும் கீறலும் நியாயமானவைதான். ஸ்பாஞ்சைப் பழுப்பில் தொட்டு வண்டி முழுவதும் ஒற்றி எடுக்கும் பழக்கத்தை நானும் ஏற்பதில்லை. கால்வாயின் நான்கு மூலைகளில் எண்ணெய் வண்ணத்தை (ஆயில் பெயின்ட்) ஊசிமுனையளவு வைத்து, காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தாலே போதும்.

செம்பூர்ப் பட்டறை

பாசிங்கிற்கு மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; மேசையாரின் மெருகுக்கும் அதுதான் கிட்டவரும். கோலிக்குண்டு கவலையும் தேவையில்லை. முன்பக்கத்தில் புள்ளியே வேண்டாம், போனட்டை விருப்பப்படி மெருகேற்றுங்கள். எங்கள் பட்டறையிலும் ஓட்டுநர் நின்று பார்க்கும் போனட்டில்தான் கை அதிகம் ஓடும். டிக்கியையும் கதவின் கீழ்ப்பாதியையும் யாரும் கவனித்ததில்லை. அங்கே மட்டும் தேய்க்காமல் விடுங்கள், மற்றதைப் பெயின்டே பார்த்துக்கொள்ளும். ரப்பரைக் கடைசியில் மங்கலான கறுப்பில் தூரிகையால் வரையும்போது பின்கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு விரற்கடை பளபளப்பாகவே மிஞ்சட்டும். பட்டறை பார்த்தவர்களுக்கு அது போதும்.

மாட்டுங்கா மேசை

போனட் யோசனையை ஏற்கிறேன், ரப்பரையும். கேரியரின் கீழ் கீறல் வரும். துரு வராது, பாசிங் முடிந்த மறுநாளில் புட்டி துருவை மூடியிருக்கும்.

டோம்பிவிலி தூரிகை

மூடியிருக்காது, குமிழி விட்டிருக்கும். அச்சுக் கோப்பை எனக்கும் அனுப்புங்கள். தீபாவளி வண்டியை நான் செய்கிறேன்.