ஏர்பிரஷ் பெட்டி வாங்கியும் மணம் போகவில்லை, தூசுதான் வருகிறது

கேள்வி: கிளிநொச்சிப் பொடியன்

1/87 அளவில் எம்2 ரயில் எஞ்சின் மொடல் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். 1954 இல் கனடாவிலிருந்து இலங்கைக்கு வந்த வகை. பலவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர். 2013 செப்டெம்பரில் ரயில் திரும்ப கிளிநொச்சிக்கு வந்தபோது பிடித்த பைத்தியம் இது.

ஏர்பிரஷால், அதாவது காற்றால் பெயின்ற் தூவுகிற சின்னக் கருவியால் அடிக்கும்போது மணத்தையும் துகளையும் இழுத்து வெளியே தள்ள, மடிக்கிற பெட்டி ஒன்றை ஒன்லைனில் எடுத்தேன். வாய் 60 சென்ரிமீற்றர் அகலம், 40 உயரம். பின்னால் பேன், பஞ்சு வடிகட்டி, சுருள் குழாய். குழாயை அறையைச் சுற்றிக் கொண்டுபோய் ஜன்னலால் வெளியே விட்டிருக்கிறேன். லாக்கர் (தின்னரில் கரைத்து அடிக்கிற, கெதியில் காய்கிற பெயின்ற்) அடித்தால் குசினிவரை மணம். "சோறும் பெயின்ற் மணக்குது" என்று அம்மா பேசுகிறார். போதாததற்கு எஞ்சின் கூரை மணல் கடதாசி மாதிரிச் சொரசொரக்கிறது. கிரவல் ரோட்டுத் தூசாக இருக்குமோ? கரி வடிகட்டி போட்டால் எல்லாம் சரிவருமா?

பதில்: வேப்பமரத்தடி

பெட்டி எதற்குத் தம்பி? முற்றத்தில் வைத்து அடியும். நான் அப்படித்தான். சித்திரையில் மட்டும் வேப்பம்பூ ஒட்டும்.

பதில்: மாங்குளம் பெயின்றர்

வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவன் நான், பொம்மை ரயில் தெரியாது. ஆனால் காற்று இரண்டுக்கும் ஒன்றுதான்.

பெட்டி வாயில் காற்று விநாடிக்கு அரை மீற்றராவது உள்ளே போக வேண்டும். உம்முடைய வாய் 0.24 சதுர மீற்றர். அப்படியென்றால் மணிக்கு 430 கன மீற்றர் அளவில் இழுக்கிற பேன் வேண்டும். அட்டையில் எழுதியிருக்கிற கணக்கு குழாயும் வடிகட்டியும் இல்லாத கணக்கு. சுருள் குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் பேன் சுற்றும், காற்றுப் போகாது. அதைக் கழற்றிவிட்டு 4 அங்குல பிவிசி குழாயை நேராக, கட்டையாகப் போடும். பெட்டியை ஜன்னலடிக்கு நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். பிறகு பெயின்ற், தின்னர் எல்லாவற்றையும் மூடி வெளியே வைத்துவிட்டு, மணம் போனபின் ஊதுபத்தி கொளுத்தி வாயில் பிடித்துப் பாரும். புகை தயங்கினால் பேன் போதாது.

புதுப் பேன் வாங்கினால் கார்பன் பிரஷ் உள்ள மோட்டர் வேண்டாம். அதில் பொறி பறக்கும், தின்னர் ஆவி சும்மா இராது.

பஞ்சு பெயின்ற் துகளைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. மெல்லிய கரித்தாளும் கொஞ்ச நாளில் நிறைந்துவிடும். வெளியே விடுவதுதான் வழி. முகத்துக்கும் ஆவி வடிகட்டி உள்ள மாஸ்க் போடும், ஆஸ்பத்திரி மாஸ்க் அல்ல.

இன்னொன்று: பெட்டி வெளியே தள்ளுகிற அளவு காற்று எங்கேயோ உள்ளே வந்தாக வேண்டும். ரோட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்தால் கிரவலைக் கூப்பிட்டு எடுக்கிறீர். கிணற்றடிப் பக்கக் கதவைத் திறவும், நிலத்துக்குத் தண்ணீர் தெளியும். குழாய் வாய் தென்மேற்கே பார்த்தால் சோளகக் காற்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும். கீழ்நோக்கி ஒரு வளைவு வையும்.

பதில்: முல்லைக்கடல்

கூரை முழுக்க ஒரே மாதிரிச் சொரசொரப்பு என்றால் அது தூசு இல்லை. தூசு அங்கங்கே புள்ளியாக நிற்கும். இந்த வெக்கையில் பெயின்ற் போய் விழ முன்னமே காய்ந்துவிடுகிறது. மெதுவாகக் காய்கிற தின்னர் கலந்து, 10 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வைத்து, காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐயில் வைத்து அடித்துப் பாருங்கள். நான் விடிய 6 மணிக்கே அடித்து முடித்துவிடுவேன். மாரியில் மட்டும் லாக்கர் வேண்டாம், ஈரத்தில் வெள்ளை படரும்.

கிளிநொச்சிப் பொடியன்

பெயின்றர் அண்ணை, குழாயை மாற்றி பெட்டியையும் ஜன்னலடிக்குக் கொண்டுபோனேன். ஊதுபத்திப் புகை நடுவில் நன்றாக இழுபடுகிறது, இரு மூலைகளிலும் தயங்குகிறது. வாயின் இரு பக்கமும் அட்டை வைத்துச் சுருக்கினேன், இப்போது பரவாயில்லை. கூரையைச் சுரண்டி, நாளை விடிய திரும்ப அடிக்கப் போகிறேன். அம்மா ஊதுபத்தி மணத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை.