உபுண்டு கணினி ‘இனிட்ராம்எஃப்எஸ்’ திரையிலேயே நின்றுவிடுகிறது

கேள்வி: திருமங்கலம்_டிடிபி
வணக்கம். திருமங்கலத்தில் டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ் எல்லாம் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) நிறுவிய ஒரே கணினியில்தான். நேற்று மாலை மின்சாரம் மூன்று முறை போய் வந்தபோது, பேட்டரி செத்துப்போன யுபிஎஸ் கைகொடுக்கவில்லை. இன்று காலை முதல் கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே, வட்டின் எஸ்டிஏ2 பகுதியில் முரண்பாடு இருப்பதாகவும், கோப்பு அமைப்பின் பிழைகளைத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை நாமே இயக்க வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் வருகிறது. ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் உள்ளே இருக்கின்றன, வேறு நகல் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் சொல்வதுபோல் ஃபார்மட் செய்வதுதான் வழியா?

பதில்: செல்லூர்_பெங்குயின்
ஃபார்மட் வேண்டாம் ஐயா. அங்கேயே ‘எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2’ கொடுத்து, முடிந்ததும் ‘எக்ஸிட்’ அடியுங்கள். எனக்கு இரண்டு முறை இப்படித்தான் சரியானது.

பதில்: அண்ணாநகர்_பழையவர்
சற்றுப் பொறுங்கள். வட்டு நன்றாக இருந்தால்தான் அந்த வழி சரி. வட்டே தேய்ந்திருந்தால், எஃப்எஸ்சிகே அதன்மேல் எழுதி எழுதியே மிச்சத்தையும் கெடுத்துவிடக்கூடும். முதலில் உபுண்டு லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் உபுண்டு) தொடங்கி, ‘டிஸ்க்ஸ்’ செயலியில் ஸ்மார்ட் தரவை, அதாவது வட்டு தன் உடல்நிலை பற்றி வைத்திருக்கும் கணக்கைத் திறந்து 197ஆம், 199ஆம் வரிகளைப் பாருங்கள். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் வட்டை இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி, மாற்றினால் போதும். 197 பூஜ்யமாக இல்லையென்றால் வட்டில் படிக்க முடியாத செக்டர்கள் (சிறு சேமிப்புக் கட்டங்கள்) இருக்கின்றன என்று பொருள். அப்படியானால் அதே அளவோ கூடுதலோ உள்ள புதிய வட்டுக்கு பழுதான வட்டிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கட்டளை கொண்டு, எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்போடு, முழு வட்டையும் நகலெடுத்து, எஃப்எஸ்சிகேயை அந்த நகலில் மட்டும் இயக்குங்கள். பிறகு பழைய வட்டைக் கழற்றிவிட்டுத்தான் கணினியைத் தொடங்க வேண்டும்; இரண்டுக்கும் ஒரே யுயுஐடி (அடையாள எண்) இருப்பதால் கணினி குழம்பும்.

திருமங்கலம்_டிடிபி
197இல் 16 என்று இருந்தது. மதுரைக்குப் போய் புதிய வட்டு வாங்கி வந்தேன். நகலெடுக்க இரவு முழுவதும் ஆனது, 8 கேபி மட்டும் படிக்க முடியவில்லை. எஃப்எஸ்சிகே முடிந்து கணினி தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு கோப்புறையே காணவில்லை.

அண்ணாநகர்_பழையவர்
எஃப்எஸ்சிகே இடம் தெரியாமல் மீட்டவற்றைப் போடும் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ கோப்புறையை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) திறந்து பாருங்கள். பெயர் போய், # குறியும் எண்ணுமாகக் கிடக்கும்.

திருமங்கலம்_டிடிபி
கிடைத்துவிட்டது ஐயா. பத்திரிகை வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் செயலியின் கோப்பு வெறும் எக்ஸ்எம்எல் (எழுத்தாகவே படிக்கக்கூடியது) என்பதால், மணமகன் பெயரைத் தேடியே எந்த எண் யாருடைய பத்திரிகை என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பதில் ஏழு வந்துவிட்டன.